காட்டில் புதிய காளான் கிடைத்தால்: பெயர் வைக்க எந்த வழி நல்லது?

காளான் தேடிக் காட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்த நிலைமை என்றைக்காவது வந்தே தீரும். கையில் இருப்பது மைசீனா என்று தெரிகிறது, அல்லது அமானிட்டா என்று தெரிகிறது. பேரினம் வரை சிக்கல் இல்லை. அதற்கு மேல் எந்த நூலை வைத்துப் பார்த்தாலும் பொருந்தவில்லை. குடையின் நிறம் ஒத்துப்போனால் ஸ்போரின், அதாவது காளான் பரவ உதிர்க்கும் நுண்வித்தின், அளவு ஒத்துப்போவதில்லை; ஸ்போர் சரியாக வந்தால் தண்டில் வளையம் இல்லை. இது புதிய சிற்றினமாக இருக்குமோ என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது. தாவரவியல் மாணவர்களும் இயற்கை ஆர்வலர்களும் என்னிடம் அதிகம் கேட்பது அதற்கு அடுத்த கேள்வியை: சரி, இனி என்ன செய்வது?

வழிகள் நான்கு. கண்ணுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் தெரிவதை விவரித்துப் பெயர் வைக்கலாம். டிஎன்ஏ வரிசையை மட்டும் நம்பிப் பெயர் வைக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். பெயரே வைக்காமல், நல்ல பதிவாக மட்டும் விட்டுவைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஆகும் பணமும் காலமும் வேறு. பின்னால் வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றும் விட்டுப்போகும் தலைவலியும் வேறு.

நான் இவற்றை எடைபோடுவது ஓர் அளவுகோலால்தான். எந்த வேலையைப் பிறகு இன்னொருவர் திரும்பச் செய்ய முடியும், எதை முடியாது? நன்றாக உலர்த்தி வைத்த மாதிரியிலிருந்து நூறு ஆண்டு கழித்தும் ஸ்போரை அளக்கலாம். அதே மாதிரியிலிருந்து டிஎன்ஏ எடுக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் பறித்த அன்று அதற்கு என்ன வாசனை, வெட்டிய இடம் நீலமாக மாறியதா, எந்த மரத்தடியில் நின்றது என்பதெல்லாம் அன்றோடு போய்விடும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பணத்தையும் கவனத்தையும் முதலில் செலவழிக்க வேண்டியது அங்கேதான்.

முதலில், உண்மையிலேயே புதுசா?

உலகில் பூஞ்சைச் சிற்றினங்கள் 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்று 2017-ல் ஹாக்ஸ்வொர்த்தும் லூக்கிங்கும் மதிப்பிட்டார்கள். பெயர் வைக்கப்பட்டவை ஏறத்தாழ ஒன்றரை லட்சம்தான். ஆகவே நம் கையில் இருப்பது பெயரில்லாத ஒன்றாக இருப்பதில் அதிசயமே இல்லை. அதிசயப்பட வேண்டியது, நமக்குத் தெரியாத பழைய பெயர்கள் எத்தனை இருக்கின்றன என்பதில்தான்.

தென்னிந்தியக் காளான்களைப் பார்க்கிறவர்கள் இலங்கையை விட்டுவிட்டுப் புதுசு என்று சொல்லவே கூடாது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த துவெயிட்ஸ் அனுப்பிய உலர்ந்த காளான்களை இங்கிலாந்தில் உட்கார்ந்தபடியே பெர்க்லியும் புரூமும் ஆராய்ந்து, 1870களில் இலங்கைப் பூஞ்சைகளுக்கு ஏராளமான பெயர்களை வைத்தார்கள். விவரிப்புகள் பல நான்கைந்து வரிக்கு மேல் போகாது. அதை மட்டும் படித்தால் நம் காளானோடு பொருந்துகிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. பிறகு பெட்ச் என்ற பூஞ்சையியலாளர் பேராதனையிலேயே இருந்து பலவற்றைச் சேர்த்தார். பெக்லர் 1986-ல் இலங்கையின் செவுள் காளான்கள் (குடையின் அடியில் தகடு தகடான மடிப்புகள் உள்ளவை) பற்றிய பெரிய நூலை வெளியிட்டபோது, லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் இருந்த அந்தப் பழைய மாதிரிகளை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து எழுதினார். மேற்குத் தொடர்ச்சி மலையில் வேலை செய்கிறவருக்கு இன்றும் முதலில் புரட்ட வேண்டிய நூல் அது. பெர்க்லியின் வரிகள் போதாமல் போனாலும் மாதிரி இருந்ததால்தான் பெக்லரால் அதைச் சரிசெய்ய முடிந்தது.

அடுத்து நம் ஊர் வேலைகள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கே. நடராஜனும் அவருடைய மாணவர்களும் தென்னிந்தியக் காளான்கள் பற்றித் தொடராக எழுதியிருக்கிறார்கள். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் மணிமோகன் குழுவும், பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவில் இருக்கிறவர்களும் கேரளத்துக் காளான்களை நுணுக்கமாக விவரித்திருக்கிறார்கள். இந்தியக் காளான்களின் பட்டியல்கள் கவகா இதழில் வந்திருக்கின்றன. மைக்கோபேங்க், இண்டெக்ஸ் ஃபங்கோரம் என்ற இரண்டு தரவுத்தளங்களில் அந்தப் பேரினத்தின் பெயர்கள் எல்லாவற்றையும் இலவசமாகப் பார்க்கலாம். 2011 முடியும்வரை புதிய பெயர்களுக்கு லத்தீன் விவரிப்போ வேறுபாட்டுக் குறிப்போ கட்டாயமாக இருந்ததால் லத்தீனும் கொஞ்சம் பழக வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான். ஆனாலும் இதைத் தாண்டாமல் எந்த வழியும் இல்லை.

எங்கே பறித்தோம் என்பதையும் பார்க்க வேண்டும். நீலகிரியிலோ கொடைக்கானல் பக்கமோ பைன் தோப்பிலும் யூகலிப்டஸ் தோப்பிலும் எடுத்த காளான் என்றால் நான் உடனே ஆஸ்திரேலியாவையும் மெக்சிகோவையும் நினைப்பேன். யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பைனஸ் பட்டுலா மெக்சிகோவிலிருந்து வந்தது. மரத்தின் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகளும் கூடவே வந்துவிட்டன. நம் நாட்டில் யாரும் பார்த்ததில்லை என்பதால் ஒரு காளான் உலகத்துக்கே புதுசாகிவிடாது. அதுவே சோலைக்காட்டிலோ, வெள்ளைக்குங்கிலிய மரங்கள் நிற்கும் மழைக்காட்டிலோ எடுத்தது என்றால் நம்பிக்கை கூடும்.

மைக்ராஸ்கோப் வழி

தமிழ்நாட்டில் பலர் சாப்பிட்டிருக்கும் புற்றுக்காளான்களில் ஒன்று டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி. கறையான் புற்றுக்குள்ளே இருக்கும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்து நீண்ட வேர் போன்ற தண்டை விட்டு மேலே வரும் காளான். மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறித்துச் சமைத்ததை, தனிச் சிற்றினம் என்று நடராஜன் 1979-ல் மைக்காலஜியா இதழில் விவரித்தார். அந்தப் பேரினத்தை உருவாக்கிய பிரெஞ்சு அறிஞர் ஹெய்மின் பெயரையே அதற்கு வைத்தார். பெயர் வைக்க டிஎன்ஏ பார்க்கும் பேச்சே அந்தக் காலத்தில் இல்லை. குடை, தண்டு, வளையம், ஸ்போர், செவுளின் அமைப்பு, இவ்வளவுதான் ஆதாரம். அந்தப் பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆக, இந்த வழி காலாவதியாகவில்லை. பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கு அறிவியல் பெயர் வைப்பதற்கான சர்வதேசப் பெயரிடல் விதித்தொகுப்பும் புதிய சிற்றினத்துக்கு டிஎன்ஏ வேண்டும் என்று எங்கும் கேட்கவில்லை. செலவும் குறைவு. எண்ணெய் விட்டுப் பார்க்கும் நூறு மடங்கு லென்ஸ் உள்ள மைக்ராஸ்கோப், அதன் கண்லென்ஸில் அளவுகோல், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காங்கோ ரெட், அயோடின் கலந்த மெல்சர் திரவம். கல்லூரி ஆய்வகத்தில் பெரும்பாலும் கிடைக்கிறவைதான். மெல்சருக்கு வேண்டிய குளோரல் ஹைட்ரேட் மட்டும் சுலபத்தில் கிடைக்காது; முதல் சோதனைக்கு லூகால் கரைசலை வைத்துச் சமாளிக்கலாம்.

செய்முறையைச் சொல்கிறேன். உலர்ந்த செவுளில் ஒரு சின்னத் துணுக்கைப் புது பிளேடால் சீவி, ஐந்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஒரு சொட்டு விட்டால், சுருங்கிக் கிடந்த செல்கள் சில நிமிடங்களில் உப்பி எழும். காங்கோ ரெட் சேர்த்து, மூடுகண்ணாடியைப் பென்சிலின் ரப்பர் முனையால் மெதுவாகத் தட்டினால் திசு பிரிந்து பரவும். செவுளின் விளிம்பில் சிஸ்டிடியம் என்ற தனிவகைச் செல்கள் நிற்கின்றனவா, அவை புட்டி வடிவமா, குண்டாந்தடி வடிவமா, மேலே விரல்கள் போல் கிளைத்திருக்கிறதா என்று பார்ப்பது அங்கேதான். இன்னொரு துணுக்கை மெல்சரில் வைத்தால் சில பேரினங்களின் ஸ்போர்கள் நீலக்கருப்பாக மாறும், சிலவற்றில் செம்பழுப்பாகும், சிலவற்றில் ஒன்றுமே ஆகாது. ஒரே பேரினத்துக்குள் சிற்றினங்களைப் பிரிப்பதே பல நேரம் இந்த இரண்டு பார்வைகள்தான். ஸ்போரை அளக்கும்போது செவுளிலிருந்து சுரண்டி எடுத்ததை அளக்காமல், தானாக உதிர்ந்ததை அளக்க வேண்டும். செவுளில் முதிராத ஸ்போர்களும் கலந்திருக்கும். ஒரு காளானுக்கு இருபதாவது அளந்து, நீளத்தை அகலத்தால் வகுத்த விகிதத்தையும் எழுத வேண்டும்.

இந்த வழி தோற்கும் இடமும் தெளிவாகத் தெரியும். ஒரே மாதிரி தோற்றமுள்ள பல சிற்றினங்கள் ஒரு பெயருக்குள் ஒளிந்திருக்கும் பேரினங்களில், கண்ணும் மைக்ராஸ்கோப்பும் சொல்வது பாதிதான். ஐரோப்பியக் காளான்களின் பெயர்கள் இந்தியாவிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒட்டப்பட்டு, டிஎன்ஏ வந்த பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டது இதனால்தான். எதிர்ப்பக்கமும் உண்டு. மழை, வெயில், வயது இவற்றுக்கேற்ப நிறமும் அளவும் மாறும் காளானை இரண்டு மூன்று சிற்றினமாகப் பிரித்துவிடும் ஆபத்து. டெர்மிட்டோமைசஸ் பேரினத்திலேயே இந்தக் குழப்பம் நிறைய.

டிஎன்ஏ மட்டும் போதுமா

லண்டன் கடையில் வாங்கிய ஒரு பொட்டலத்தின் கதை இதற்குச் சரியான உதாரணம். சீனாவிலிருந்து வந்த உலர்ந்த போர்ச்சினி காளான் துண்டுகள். கியூ தோட்டத்தின் டென்டிங்கரும் சுஸும் அதிலிருந்து 15 துண்டுகளை எடுத்து டிஎன்ஏ வரிசை பார்த்தார்கள். மூன்று சிற்றினங்கள் இருந்தன. மூன்றுக்கும் அறிவியல் பெயரே கிடையாது. 2014-ல் பியர்ஜே இதழில் மூன்றுக்கும் பெயர் வைத்து வெளியிட்டார்கள். உலகமெங்கும் விற்று மக்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த காளானுக்குப் பெயரில்லை என்று காட்டியதற்கே அந்தக் கட்டுரையை நான் மதிக்கிறேன். உணவுப் பாதுகாப்புக்கும் இறக்குமதிச் சோதனைக்கும் அது நேரடியாகப் பயன்படும் வேலை.

ஆனால் அந்தத் துண்டுகள் காட்டில் முழுக் காளானாக எப்படி நின்றன? குடை என்ன நிறம், தண்டில் வலைப்பின்னல் எதுவரை வந்திருந்தது, எந்த மரத்தின் வேரோடு வாழ்ந்தது? பொட்டலம் இதற்கெல்லாம் பதில் சொல்லாது. அதைச் சீனக் காடுகளில் வேலை செய்கிறவர்கள்தான் தேடிச் சேர்க்க வேண்டும். வரிசை கையில் இருப்பதால் பொருத்திப் பார்க்க முடியும் என்பது உண்மைதான். எடுத்தவருக்கு வேறு வழி இல்லாத சூழலில் செய்த வேலை அது. முழுக் காளானும் கையில் இருக்கும் நாம் அதே வழியில் போக ஒரு காரணமும் இல்லை.

டிஎன்ஏவில் நடைமுறையில் எடுப்பது பெரும்பாலும் ஐடிஎஸ் என்ற பகுதி. பூஞ்சைச் சிற்றினங்களை அடையாளம் காணும் பொது பார்கோடாக 2012-ல் முன்மொழியப்பட்டது. ஐநூறு முதல் எழுநூறு எழுத்து நீளம். ஒரு மாதிரிக்கு வரிசை பார்க்கும் கட்டணம் தனியார் ஆய்வகங்களில் சில நூறிலிருந்து ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதனால்தான் எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். கிடைத்த வரிசையை ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில் போட்டுத் தேடினால், 'இத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது' என்று ஒரு எண் வரும். புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது அந்த எண்ணில்தான்.

97 சதவீதம் என்றால் வேறு சிற்றினம், 99 என்றால் அதே சிற்றினம் என்று எல்லாப் பேரினத்துக்கும் பொருந்தும் கோடு எதுவும் கிடையாது. சில பேரினங்களில் நெருங்கிய சிற்றினங்களின் ஐடிஎஸ் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். வேறு சிலவற்றில் ஒரே காளானுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று சற்று மாறுபட்ட பிரதிகள் இருக்கும். மஞ்சள் புனல் போன்ற காந்தரெல்லஸ் காளான்களில் அந்தப் பகுதி நீண்டு, மாறுபட்டு, எடுப்பதே சிரமம். அங்கே டெஃப்1 என்ற மரபணுவைத்தான் நம்புகிறார்கள். இன்னொன்று, ஜென்பேங்கில் நமக்கு ஒத்துவரும் வரிசைக்கு எழுதியிருக்கும் பெயரே தவறாக இருக்கலாம். பொதுத் தரவுத்தளங்களில் இருந்த பூஞ்சை வரிசைகளில் சுமார் 20 சதவீதம் வரை சிற்றினப் பெயர் தப்பாக இருக்கக்கூடும் என்று 2006-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே ஒப்பிட வேண்டியது வகைமாதிரியிலிருந்து, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாகக் குறித்துவைத்த மாதிரியிலிருந்து, எடுத்த வரிசையோடு. யாரோ எங்கோ பறித்துப் பெயர் ஒட்டியதோடு அல்ல. எல்எஸ்யு, ஆர்பிபி2, டெஃப்1 போன்ற வேறு டிஎன்ஏ பகுதிகளில் இன்னும் ஒன்றிரண்டையாவது சேர்த்து, தனித்தனி மரபணுக்கள் ஒரே கிளையைக் காட்டுகின்றனவா என்று பார்த்தால்தான் நான் நம்புவேன்.

மாதிரியே இல்லாமல் மண்ணிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ கிடைத்த வரிசையை வகைமாதிரியாக ஏற்கலாமா என்ற விவாதம் பூஞ்சையியலாளர்களிடையே பல ஆண்டு நடந்தது. 2018-ல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் கூடிய பெயரிடல் அமர்வு அந்த முன்மொழிவை ஏற்கவில்லை. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள் ஒன்று வேண்டும் என்பதே இன்றைய நிலை. அது சரியான முடிவு என்றுதான் நானும் நினைக்கிறேன்.

இரண்டும் சேர்ந்தால்

2020-ல் ஃபைட்டோடாக்சா இதழில் மேகாலயக் காட்டிலிருந்து ஒளிரும் காளான் ஒன்று விவரிக்கப்பட்டது: ரோரிடோமைசிஸ் ஃபில்லோஸ்டாகிடிஸ். மழைக்காலத்தில் செத்த மூங்கிலில் முளைக்கும் சின்னக் காளான். உள்ளூர் மக்களுக்கு அதை முன்பே தெரியும்; ஒளிரும் மூங்கில் குச்சிகளை இரவில் வழி பார்க்க எடுத்துப் போவார்கள். அவர்கள் காட்டித்தான் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். இருட்டில் அதன் தண்டு மட்டும் பச்சையாக ஒளிர்கிறது. குடை ஒளிர்வதில்லை. டிஎன்ஏ அதை ரோரிடோமைசிஸ் பேரினத்தில் நிறுத்தியது. அந்தப் பேரினம் இந்தியாவில் பதிவானது அதுவே முதல்முறை.

இதில் எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மைசீனாவுக்கு நெருங்கிய உறவான அந்தப் பேரினத்தில் சரியான இடத்தைக் காட்டியது டிஎன்ஏ. வேறு சிற்றினங்களிலிருந்து பிரித்துக் காட்ட மைக்ராஸ்கோப் உதவியது. தண்டு மட்டும் ஒளிரும் என்பதை இரண்டும் சொல்லாது. உலர்ந்த மாதிரி ஒளிராது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் காட்டில் நின்றவர்கள் எழுதிவைத்ததுதான் அது. எனவே வசதி இருக்கிறவர்கள் இந்த மூன்றாவது வழிக்கே போக வேண்டும் என்பது என் கருத்து. இன்று நல்ல இதழ்களும் இதைத்தான் எதிர்பார்க்கின்றன.

வசதி இல்லை என்றால்? அப்போதும் காட்டில் செய்வதைக் குறைக்காதீர்கள். காளானைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் தாளில் சுற்றி எடுக்க வேண்டும். பையில் போட்டால் வேர்த்து அழுகும். தண்டின் அடியைக் கத்தியால் நெம்பி முழுதாக எடுக்க வேண்டும், மண்ணுக்குள் கிண்ணம் இருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். பகல் வெளிச்சத்தில் அளவுகோல் வைத்து, செவுள் தெரிய, வெட்டிய முகம் தெரிய, குட்டியும் முதிர்ந்ததும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். ஒரு குடையை வெட்டி, பாதியை வெள்ளைத் தாளிலும் பாதியைக் கருப்புத் தாளிலும் கவிழ்த்து டம்ளரால் மூடி இரவு வைத்தால், காலையில் ஸ்போர் படிவு கிடைக்கும். வெள்ளையா, இளஞ்சிவப்பா, சாக்லேட் நிறமா என்று எழுதிவிட்டு அந்தத் தாளையும் பத்திரப்படுத்த வேண்டும். உள் சதையில் ஒரு சின்னத் துண்டை சிலிகா ஜெல்லில் போட்டுவிட்டு, மீதியை 40 முதல் 45 டிகிரி வெப்பத்தில், கிள்ளினால் சடக்கென்று ஒடியும்வரை உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் புழு முந்திக்கொள்ளும். அடுப்புச் சூட்டில் வைத்தால் டிஎன்ஏ சிதையும். இவ்வளவும் செய்துவிட்டால் வரிசை பார்க்கும் பணம் அடுத்த ஆண்டு வந்தாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

ஒரே மாதிரியை வைத்துப் பெயர் வைக்கலாமா

விதிப்படி வைக்கலாம். ஒரு மாதிரியை ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமான ஒரே வகைமாதிரி) என்று குறித்து, விவரிப்பையோ வேறுபாட்டுக் குறிப்பையோ ஆங்கிலத்திலோ லத்தீனிலோ எழுதினால் போதும். ஆனாலும் பெரும்பாலான நேரங்களில் காத்திருக்கவே சொல்வேன்.

ஒரே இடத்தில் பத்துக் காளான் பறித்தோம், பத்து மாதிரி இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பத்தும் மண்ணுக்கடியில் ஒரே மைசீலியமாக (பூஞ்சையின் இழைவலையாக) இருக்கலாம். அதாவது ஒரே ஓர் உயிரின் பத்துக் கனியுடல்கள். அந்தச் சிற்றினத்துக்குள் நிறமும் அளவும் எவ்வளவு மாறும் என்பதை அது சொல்லாது. இன்னோர் இடம், முடிந்தால் இன்னொரு பருவம் வேண்டும். நம் பக்கம் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. மலையின் மேற்குச் சரிவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. கிழக்குச் சரிவுகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஒரு பக்கம் கிடைத்ததை அதே ஆண்டில் மறுபக்கம் தேடிப் பார்க்கலாம்.

காத்திருக்கக் கூடாத சூழலும் உண்டு. அந்த இடமே அணைக்கோ சாலைக்கோ சுரங்கத்துக்கோ போகப்போகிறது என்றால், பெயர் இருந்தால்தான் அது பட்டியலில் ஏறும்; பட்டியலில் ஏறினால்தான் அதற்காக வாதாட முடியும். உருவம் வேறெதனோடும் குழம்பாத அளவு தனித்து நின்று, டிஎன்ஏவும் அதையே சொன்னாலும் ஒரே மாதிரி போதும். மற்றபடி வேறொரு குழு முந்திக்கொள்ளுமோ என்ற பயத்தில் அவசரப்படுவதை நான் ஏற்பதில்லை. முந்தி வெளியான தவறான பெயரை ஒத்தபெயர் என்று காட்டி ஒதுக்க, இன்னொருவர் தன் ஆய்வில் ஓர் ஆண்டைச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

பெயர் வைக்காமல் விடுவது

இதைத் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை. உலர் மாதிரியைக் காப்பகத்தில் வைத்து, வரிசையை 'அமானிட்டா, சிற்றினம் தெரியவில்லை' என்ற குறிப்போடு ஜென்பேங்கில் ஏற்றினால், யூனைட் தரவுத்தளம் ஒத்த வரிசைகளைச் சேர்த்து ஒரு குறியீட்டு எண் தந்துவிடும். பெயர் இல்லாவிட்டாலும் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் அதைச் சுட்டிப் பேசலாம். இளங்கலை, முதுகலை மாணவர்கள் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படிச் செய்வதே நல்லது என்று நினைக்கிறேன். ஒரு பேரினத்தில் பத்துப் பதினைந்து சேகரிப்புகளை உட்கார்ந்து அளந்த பிறகு, எது வேறுபாடு, எது வெறும் மாறுபாடு என்று கண்ணுக்குப் பிடிபடும். பெயர் வைக்கும் தைரியம் அதற்குப் பின்னால் வரட்டும்.

அந்தப் பேரினத்தையே ஆயுளுக்கும் பார்த்த ஒருவரைச் சேர்த்துக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான். வெளிநாட்டுக்காரரைச் சேர்ப்பதாக இருந்தால் மாதிரியை அஞ்சலில் போடுவதற்கு முன் சட்டத்தைப் படியுங்கள். 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டப்படி வெளிநாட்டவர் நம் உயிரியல் வளங்களை ஆய்வுக்கு எடுக்கத் தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஆணையத்தின் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. காட்டில் எடுப்பதற்கு வனத்துறை அனுமதியும் முன்கூட்டியே வேண்டும்.

எங்கே வைப்பது என்பதையும் அதே சட்டம் ஓரளவு முடிவு செய்துவிடுகிறது. புதிதாகக் கண்டறிந்த எந்த வகைப்பாட்டு அலகையும் அதற்கென்று அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்கிறது 39-ஆவது பிரிவு. இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனம் அப்படி அறிவிக்கப்பட்ட ஒன்று. சொந்தக் கல்லூரி அலமாரியில் மட்டும் வைக்கும் வழக்கம் எனக்குக் கவலை தருகிறது. பொறுப்பான பேராசிரியர் ஓய்வுபெற்றதும் அந்த அலமாரிக்குச் சாவி யாரிடம் என்றே தெரியாமல் போன இடங்கள் உண்டு. மாதிரி போதுமான அளவு இருந்தால் ஒரு பகுதியைப் பெரிய காப்பகத்திலும் இன்னொரு பகுதியைப் பல்கலைக்கழகக் காப்பகத்திலும் வையுங்கள்.

இதழைத் தேர்ந்தெடுப்பதில் நான் அதிகம் யோசிப்பதில்லை. ஃபைட்டோடாக்சாவில் கட்டணம் கட்டாமலும் வெளியிடலாம். மைக்கோகீஸில் கட்டணம் உண்டு, ஆனால் யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஒரே சிற்றினம்தான், பெரிய கட்டுரை எழுத நேரமில்லை என்றால் பெர்சூனியாவில் வரும் ஃபங்கல் பிளானட் தொடர் இருக்கிறது: ஒரு சிற்றினத்துக்குச் சுருக்கமான விவரிப்பு, எதிரே படங்கள். இந்தியக் காளான்கள் என்றால் கவகாவை நம் ஊர் ஆட்கள் உறுதியாகப் படிப்பார்கள். பணம் வாங்கிக்கொண்டு எதையும் திருத்தாமல் போடும் இதழ்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். விதிப்படி பெயர் செல்லும் என்பதால் அங்கே வரும் பிழையும் நிரந்தரமாகிவிடும்.

அப்புறம் பெயர். இடத்தின் பெயரை வைக்க எல்லோருக்கும் ஆசை. பத்து ஆண்டு கழித்து அது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் கிடைத்தால் பெயர் ஒன்று, உண்மை ஒன்று என்றாகிவிடும். அதைவிட, கூட வாழும் மரத்தையோ, கையில் எடுத்ததும் கண்ணில் படும் அடையாளத்தையோ வைப்பது தேடுகிறவருக்கு உதவும்.

கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு, அச்சுக்குப் போவதற்கு முன், மைக்கோபேங்கிலோ இண்டெக்ஸ் ஃபங்கோரத்திலோ ஃபங்கல் நேம்ஸிலோ பெயரைப் பதிந்து எண் வாங்க வேண்டும். 2013 ஜனவரி 1 முதல் அந்த எண் கட்டுரையிலேயே அச்சாகியிருந்தால்தான் பூஞ்சையின் புதிய பெயர் செல்லும். ஹோலோடைப் எது, எந்தக் காப்பகத்தில் இருக்கிறது, அதன் சேகரிப்பு எண் என்ன என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். பதிவு எண்ணோ, ஹோலோடைப்போ, காப்பகமோ விடுபட்டால் எவ்வளவு நல்ல விவரிப்பாக இருந்தாலும் பெயர் நிற்காது. கடைசிப் பிரதியைத் திருத்தும்போது படங்களைப் பார்ப்பதற்கு முன் இந்த வரிகளை எண் எண்ணாகச் சரிபாருங்கள்.